பய மானியைப் பார்த்து அம்மாவின் பணத்தைப் பங்கில் போடலாமா?

அட்டன் பக்கமிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் 5 லட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. இணையத்தில் 'பயமா, பேராசையா' என்று காட்டும் மானி ஒன்று 'அதீத பயம்' என்கிறதாம். வாங்க இதுதான் நேரம் என்று தம்பி நிற்கிறான். அதை நம்பிக் கொழும்புப் பங்குச் சந்தையில் போடலாமா?"

டீச்சர், தம்பி சொல்வதில் பாதி சரி. நுவரெலியாவில் லீக்ஸ் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விலை ஏறிக் கிடக்கும்போது எல்லோரும் லீக்ஸ் நடுவார்கள். சில மாதம் கழித்து எல்லாக் காய்களும் ஒன்றாகச் சந்தைக்கு வரும்போது லொறிக் கூலிகூடத் தேறாது. பங்கிலும் எல்லோரும் நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்றால், வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். எல்லோரும் பயந்தால் அதற்கு நேர்மாறு.

மற்றப் பாதியில்தான் சிக்கல். தம்பி பார்ப்பது சிஎன்என் நிறுவனத்தின் மானியாக இருக்க வேண்டும். அதில் சேரும் 7 கணக்குகளும் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுப்பவை. அவற்றில் ஒன்று விக்ஸ்; பயம் ஏறினால் ஏறும் எண். அமெரிக்காவின் பெரிய கம்பனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணின் ஒப்ஷன் (குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகளை வைத்துப் போடுவது. கொழும்பில் ஒப்ஷன் வியாபாரமே இல்லை. ஆகவே அந்த மானி காட்டுவது நியூயோர்க்கின் பயத்தை.

அமெரிக்காவுக்கே கூட அது நாள் குறித்துக் கொடுப்பதில்லை. 2008 நவம்பர் 20 அன்று விக்ஸ் 80ஐத் தாண்டி முடிந்தது. இதைவிடப் பயம் இருக்க முடியாது என்று அன்றைக்கு வாங்கியவர்கள் 2009 மார்ச் 9 வரை, மேலும் ஏறக்குறைய 10 வீத இறக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே தனிநபர் முதலீட்டாளர் சங்கம் ஒன்று அடுத்த 6 மாதம் சந்தை ஏறுமா, இறங்குமா என்று வாராவாரம் உறுப்பினர்களைக் கேட்கிறது. 2009 மார்ச் முதல் வாரத்தில் 70 வீதம் பேர் இறங்கும் என்றார்கள். சில நாளிலேயே சந்தை அடி தொட்டுத் திரும்பியது. என் கணிப்பில், இப்படி எல்லை கடந்த பயத்துக்கு மட்டும் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கலாம். நடுவில் ஆடும் எண்களை விட்டுவிடுங்கள்.

கொழும்பின் மனநிலையை நான் கண்ணால் பார்த்தது 2022 ஜனவரியில். கண்டியில் தரகர் அலுவலகமொன்றில் இருந்தேன். ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்த காசோடு வந்தார். அடகுச் சீட்டு மடித்தபடி சட்டைப் பையில் தெரிந்தது. எந்தக் கம்பனி என்று கேட்டேன். "ஏறுற கம்பனி" என்றார். கொழும்புச் சந்தையின் மொத்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அப்போது 13,000ஐத் தாண்டியிருந்தது. நாட்டில் டொலர் வற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் வெளிநாட்டார் வாங்கியதைவிட விற்றதே அதிகம். ஏப்ரலில் சந்தையை 5 நாள் மூடினார்கள். ஆண்டின் நடுவில் சுட்டெண் 8,000க்குக் கீழே கிடந்தது. அந்த மனிதரின் முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் இங்கே பார்க்க வேண்டியவை வேறு. வெளிநாட்டாரின் நிகர வாங்கல் விற்றல் தினமும் வெளியாகிறது. அன்றைய புரள்வு, அதாவது கைமாறிய பங்குகளின் மொத்தப் பெறுமதி, பெரிய வங்கிகளுக்குப் போகிறதா, பெயர் தெரியாத ஒரு ரூபாய்ப் பங்குகளுக்குப் போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் ஒதுங்கி நிற்கும் நேரம். கடனில் வாங்குகிறவர்கள் பெருகினாலும் அப்படித்தான். விலை சரிந்தால் தரகரே அவர்கள் பங்கை விற்றுவிடுவார்.

எல்லாவற்றையும் விட முக்கியம் திறைசேரி உண்டியல் வட்டி, அதாவது அரசு குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனுக்குக் கொடுக்கும் வட்டி. 2022இல் அது 30 வீதத்தையும் தாண்டியது. அப்படிக் கிடைக்கும்போது பங்குப் பக்கம் யார் வருவார்கள்? வட்டி இறங்க இறங்கப் பணம் சந்தைக்குத் திரும்பியது. 2022 முடிவில் 8,500 அளவில் இருந்த சுட்டெண், 2024 முடிவில் 16,000ஐ நெருங்கியது.

சரி, அம்மாவின் பணம். 2022 ஜனவரி உச்சத்தில் வாங்கியவருக்கு, சுட்டெண் அதே இடத்துக்கு வர ஏறக்குறைய 3 ஆண்டு ஆனது. அதற்குள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நட்டத்தில்தான் விற்க வேண்டும். அந்த 5 லட்சம் வைப்பிலேயே இருக்கட்டும்.

தம்பிக்கு ஆசை இருந்தால் அதைக் கெடுக்க வேண்டாம். ஒரு கொப்பியில் வெள்ளிக்கிழமைதோறும் வெளிநாட்டார் நிகரம், புரள்வு, அந்த வாரத்து உண்டியல் வட்டி மூன்றையும் 6 மாதம் எழுதி வரட்டும். அப்புறம் தன் சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொண்டு, தன் பெயரில் சிடிஎஸ் கணக்கு (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) திறந்து, மாதம் கொஞ்சமாக வாங்கட்டும்.