எந்த மாதிரி மரேயோ? – கடிதம்

அன்புள்ள அக்கா,

டெக்சஸில் நரம்பியல் துறையில் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட்டாக (சிறப்புப் பயிற்சி மருத்துவராக) இருக்கிறேன். சொந்த ஊர் மதுரை. இங்கே என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ் மட்டும் பேசுகிறவர்கள். போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துப் பேசி முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. பக்கவாதக் கேஸில் பத்து நிமிடம் என்பது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். சில நேரம் கூட வந்த பேரனோ பேத்தியோ ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள், அப்படியே ஓட்டிவிடுகிறேன்.

அதனால் நரம்பியல் அறிகுறிகளுக்கான ஸ்பானிஷ் சொற்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்துவருகிறேன். மரேயோ – தலைசுற்றல், ஓர்மிகேயோ – மதமதப்பு, தெபிலிதாத் – பலவீனம் என்று இதுவரை 340 சொற்கள். இன்னும் எத்தனை கற்றால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே சமாளிக்கலாம்? நல்ல செயலி எது? என் உச்சரிப்பைக் கேட்டு நர்ஸ்கள் சிரிக்கிறார்கள், அதற்கு என்ன வழி?

வீட்டோடு பேசக்கூட நேரமில்லை. போன வாரம் அம்மா போனில் ‘மயக்கமா இருக்குப்பா’ என்றார். ‘தண்ணி குடிங்க, பிரஷர் மாத்திரையை விட்டுடாதீங்க’ என்று சொல்லிவிட்டு வார்டுக்கு ஓடினேன்.

ர.

அன்புள்ள தம்பி,

போன மாதம் வீடு மாற்றும்போது என் பழைய பாக்கெட் நோட்டு ஒன்று கிடைத்தது. வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்து வைத்து முனை மழுங்கிப்போன நோட்டு. அதன் மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்தில் ‘மரேயோ – தலைசுற்றல்’ என்று இருக்கிறது. அதே வரிக்கு எதிரில், வேறு மையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு ‘எந்த மாதிரி?’ என்று எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு மைக்கும் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. நோட்டு கிடைத்ததிலிருந்து அந்த இரவு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

செயலியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பைப் பற்றியும் கவலை வேண்டாம். ஸ்பானிஷில் மேலே அலைக்கோடு போட்ட ‘என்’ எழுத்து (ñ) நம்முடைய ‘ஞ’ தான். ஆங்கிலேயர் மூச்சை ஊதிச் சொல்வதுபோல் இல்லாமல், ப, த, க மூன்றையும் மூச்சில்லாமல் சொல்வது நமக்குப் பிறவியிலேயே வரும். நர்ஸ்கள் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரியுங்கள். நீங்கள் சொல்வது நோயாளிக்குப் புரிந்துவிடும். அவர் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா என்பதுதான் கேள்வி. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பேரன் பேத்தி விஷயத்தில் கோபமே வந்தது. பத்து வயதுக் குழந்தையிடம் ‘பாட்டிக்கு மூளையில் ரத்தம் கசிகிறது’ என்று பாட்டியிடம் சொல்லச் சொல்வீர்களா? உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர வேறெதற்கும் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் விதியே இருக்கிறது. விதியே இல்லாவிட்டாலும் அது தப்பு. விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த இரவு. கலிஃபோர்னியாவில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு மருத்துவமனை. நானும் உங்களைப்போல இரண்டாம் ஆண்டு. இரவு இரண்டு மணிக்கு ஓர் அம்மாவை அழைத்துவந்தார்கள். மெக்சிகோவின் ஒஹாகா பக்கத்திலிருந்து வந்தவர், அறுபது வயது இருக்கும். வாந்தி. படுக்கையின் பக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடியே கிடந்தார். என்னிடம் என் நோட்டு இருந்தது. மரேயோ இருக்கிறதா என்றேன். ‘ஸீ’ என்றார். தலைவலி? ‘ஸீ.’ சாப்பிடவில்லையா? ‘ஸீ.’ கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றார், கேட்ட எனக்கும் அது நிறைவாகவே இருந்தது. படுத்தபடியே கையைத் தூக்கச் சொன்னேன், காலைத் தூக்கச் சொன்னேன். பலம் நன்றாக இருந்தது. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ‘தலைசுற்றல், வாந்தி, நீர்க்குறைவு’ என்று எழுதி சலைன் போடச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் இரட்டை ரிசீவர் போன், நீலநிறம், மூன்றடி தள்ளிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நேரிலேயே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு சொல் சொன்னார்: ‘குவென்தெமே.’ சொல்லுங்கள் அம்மா, என்ன ஆயிற்று என்கிற மாதிரி. அந்த அம்மா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து, படகு சாய்வதுபோல ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்த்துக் காட்டினார். ‘மே வோய் தே லாதோ’ என்றார். ஒரு பக்கமாகவே போகிறேன். நேற்று மாலை கழிவறைக்குப் போகும்போது இடப்பக்கச் சுவரிலேயே போய் மோதியிருக்கிறார், ஒரு தடவையல்ல, மூன்று தடவை. அவரை இருவர் தாங்கி நிற்கவைத்தோம். கையை விட்டதும் இடதுபக்கம் அப்படியே சரிந்தார். எம்.ஆர்.ஐ.யில் இடது சிறுமூளையில் பெரிய அடைப்பு.

தம்பி, சிறுமூளைப் பக்கவாதத்தில் படுத்திருப்பவரின் கை கால் பலம் சரியாகவே இருக்கலாம். முதல் சில மணி நேரத்தில் சி.டி. பல சமயம் அதைக் காட்டாது. சிலருக்கு எழுந்து நிற்கச் சொன்னால்தான் தெரியும். இது எனக்குப் பாடத்தில் தெரியும். ஆனால் ‘மரேயோ’வைத் ‘தலைசுற்றல்’ என்று மாற்றி எழுதிய அந்த நொடியிலேயே கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளில் வீக்கம் கூடி, பின்மண்டையைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. அவர் பிழைத்தார். வாக்கர் வைத்துக்கொண்டு வீடு போனார். போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்தக் கையின் சூடு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. வீட்டுமொழி மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான மிஷ்தெக். டாக்டர் கேட்கிறார், மரியாதைக்கு ‘ஸீ’ என்று சொல்லிவைப்போம் என்று சொல்லியிருக்கிறார். ஒஹாகாவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வருகிறவர்களிடம் முதலில் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேளுங்கள். நம்மை எல்லாரும் இந்தி பேசுகிறவர்கள் என்று நினைத்தால் நமக்கு எப்படி இருக்கிறது?

‘மரேயோ’ என்ற சொல்லுக்குள் கடல் இருக்கிறது. மார் என்றால் கடல், கப்பலில் போகிறவனுக்கு வருவது மரேயோ. அறை சுழல்வதும் மரேயோதான், கண் இருட்டுவதும் மரேயோதான், குமட்டலும், கால் தரிக்காமல் தள்ளாடுவதும், வெறும் அசதியும் மரேயோதான். இதற்குத் தமிழில் மிகப் பொருத்தமான சொல் ‘தலைசுற்றல்’ கிடையாது, ‘மயக்கம்’. அதுவும் இப்படித்தான் எல்லாவற்றையும் தனக்குள் போட்டு வைத்திருக்கிறது. மயக்கம் போட்டு விழுந்தான் என்றால் ஒன்று, மயக்கமா வருது என்றால் ஒன்று, மயக்கமாவே கிடக்கிறான் என்றால் இன்னொன்று. மதுரையில் ஒரு பெரியவர் ‘மயக்கமா இருக்கு தம்பி’ என்றால் நீங்கள் அதை அப்படியே எழுதிக்கொள்வீர்களா? ‘எப்படிங்கய்யா இருக்கு? சுத்துதா, கண்ணு இருட்டுதா?’ என்று கேட்பீர்கள். சொந்த மொழியில் தெரியாததைத் தெரியாது என்று உணர்கிற காது, 340 அட்டைகளுக்குப் பிறகு ஸ்பானிஷில் அடைத்துக்கொண்டுவிட்டது. இதைத்தான் நான் உங்களிடம் சண்டைபோட்டுச் சொல்கிறேன்.

1980இல் ஃபுளோரிடாவில் நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். வில்லி ராமிரெஸ் என்ற பதினெட்டு வயதுப் பையன், கியூபக் குடும்பம். கடும் தலைவலி, பிறகு நினைவில்லை. வீட்டார் ‘இன்தோக்ஸிகாதோ’ என்றார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் பொருள். ஆங்கிலக் காதில் அது போதை என்று விழுந்தது. போதை மருந்துக்கு வைத்தியம் நடந்தது. உள்ளே மூளையில் ரத்தக்கசிவு. அவன் கை கால் நான்கும் செயலிழந்துபோயின. இழப்பீடு 7 கோடி டாலருக்கு மேல் என்று முடிவானது. அங்கே மொழிபெயர்ப்பாளரை யாரும் அழைக்கவில்லை, ஏனென்றால் சொல் புரிந்துவிட்டது என்று இரண்டு தரப்புமே நம்பினார்கள்.

இன்னும் எத்தனை சொல் என்று கேட்டீர்கள். ஆயிரம் கற்றாலும் போதாத இடம் ஒன்று உண்டு. மூளையில் பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் வெர்னிக்கே பகுதி அடிபட்டவர் சரளமாக, ஏற்ற இறக்கத்தோடு, அர்த்தமில்லாமல் பேசுவார். அரைகுறை ஸ்பானிஷ் தெரிந்தவருக்கு அது வேகமான ஸ்பானிஷ் என்றுதான் கேட்கும். ‘டாக்டர், இவர் பேசுவது எனக்கே புரியவில்லை, இப்படி ஒரு சொல்லே கிடையாது’ என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லும்போதுதான் நோய் வெளியே வரும்.

உங்கள் பத்து நிமிடக் கவலை நியாயம்தான். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே மொழிபெயர்ப்பாளருக்குப் போனைப் போட்டு வைத்துவிடுங்கள். கட்டளைகளை மட்டும் நீங்களே சொல்லுங்கள், அதற்கு ஐந்தாறு போதும்: அப்ரியேத்தே (அழுத்துங்கள்), லெவான்தே லோஸ் பிராஸோஸ் (கைகளைத் தூக்குங்கள்), சியெர்ரே லோஸ் ஓஹோஸ் (கண்ணை மூடுங்கள்), சொன்ரீயா (சிரியுங்கள்), சாகே லா லெங்குவா (நாக்கை நீட்டுங்கள்). கட்டளைக்குப் பதில் உடம்பிலேயே தெரிந்துவிடும். நேரத்தை மட்டும் நீங்களாகக் கேட்டு முடிவுசெய்யாதீர்கள். குடும்பத்தார் ‘அமனெசியோ அஸீ’ என்பார்கள். ‘விடியும்போதே இப்படித்தான் இருந்தார்’ என்று அர்த்தம். அப்படியென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதற்கான உங்கள் நாலரை மணி நேரக் கணக்கு விடியலில் ஆரம்பிக்காது, முந்தின இரவு அவர் நன்றாக இருந்த கடைசி நிமிடத்தில் ஆரம்பிக்கும்.

அட்டைகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எதிரில் பாடப்புத்தகச் சொல்லை எழுதாமல், அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். ஓர்மிகேயோவுக்கு ‘மதமதப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலிருந்த எறும்பு எங்கே போயிற்று? ஓர்மிகா என்றால் எறும்பு. ‘எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு’ என்று நம் வீட்டில் சொல்வதை அவர்களும் சொல்கிறார்கள். கை ‘தூங்கிவிட்டது’ என்றால் உணர்ச்சி போயிற்றா, பலம் போயிற்றா என்று கேளுங்கள். நம்மூரில் ‘மரத்துப் போச்சு’ என்பவரிடமும் இதைக் கேட்டாக வேண்டும். மெக்சிகோக்காரர் ‘எம்போலியா’ என்றால் எந்தப் பக்கவாதமும் இருக்கலாம், ரத்தக்கட்டி என்று எழுதிவிடாதீர்கள். ‘லே தியோ ஊன் ஐரே’, காற்று பட்டுவிட்டது என்றால் பெரும்பாலும் வாய் கோணிப்போனதைச் சொல்கிறார்கள். வாதம் என்று காற்றின் பேரையே நோய்க்கு வைத்திருக்கிற நமக்கு இதில் விநோதம் ஒன்றுமில்லை. ஹகேக்கா என்கிற தலைவலிச் சொல் அரபியிலிருந்து வந்தது, பாதி என்று பொருள். நம் ‘ஒற்றைத் தலைவலி’யும் அதே பாதியைத்தான் சொல்கிறது. இப்படி எழுதினால் அட்டை மறக்காது.

அப்புறம், கடிதத்தின் கடைசி இரண்டு வரி. அம்மா மயக்கமா இருக்கு என்றார், நீங்கள் தண்ணி குடிக்கச் சொன்னீர்கள். எந்த மாதிரி மயக்கம் என்று கேட்கவில்லை. பிரஷர் மாத்திரை எடுப்பவர், அந்த மாத்திரையாலேயே எழுந்து நிற்கும்போது கண் இருட்டலாம், நீங்களோ அதை விடாதே என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் போன் போடுங்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் வருகிறதா, உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறதா, சுற்றுகிறதா, ஒரு பக்கமாகத் தள்ளுகிறதா என்று கேளுங்கள். அவரே முழுசாகச் சொல்லட்டும், இடையில் பேசாதீர்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அம்மாவைக் கூடத்தில் நாலு அடி நடக்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து நின்று இரண்டு முறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா