பிள்ளைகள் எந்நேரமும் போனில் கிடக்கிறார்கள், இவர்களை எப்படிக் கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர்ப்பது?

உங்கள் வீட்டில் மாலைச் செபத்துக்குக் கூப்பிட்டால் ஒருவர் கட்டிலில், மற்றவர் கழிவறையில், இரண்டு பேர் கையிலும் போன். சரியா? எங்கள் வீடும் அதேதான். திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம், மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. நான் மறைக்கல்வி ஆசிரியன் இல்லை, பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நிற்கிற ஆள், அதனால் இதை யாரும் உபதேசமாக எடுக்க வேண்டாம்.

“போனை வாங்கிக் கொடுத்தது யார்” என்று கீழே ஒருவர் கட்டாயம் கேட்பார். நான்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள், பள்ளிக்கூடப் பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது, வேறு வழி? ஆனால் எங்கள் வீட்டில் பூசை திரைக்குப் போனது அதற்கும் முன்னால். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஞாயிறு பூசைகளை நிறுத்தினார்கள், கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையை டிவியில் பார்த்தோம். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் எத்தனை சின்னப் பிள்ளைகள் இறந்துபோனார்கள், அந்தக் கிழமை பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? அப்போது டிவிக்கு முன்னால் எல்லோரும் முழங்காலில் இருந்தோம். அடுத்த வருடம் கொரோனாவில் பூசை போனுக்கு வந்தபோது நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன், கையில் பிளேன்டீ.

கோயில் திறந்து நாங்கள் போன முதல் ஞாயிறு, பாதர் பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். ஏழு வயது மகள் என் காதுக்குள் “அப்பா, இதைத் தள்ளி விடுங்கோவன்” என்றாள். சொல்லிக்கொண்டே முன் வாங்கின் முதுகில் விரலால் இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு. முன்னால் இருந்த அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரலையைத் தவறவிட்டு மத்தியானத்தில் போட்டுப் பார்க்கும்போது பிரசங்கத்தைத் தள்ளிவிட்டது நான், அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

பிறகு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். போனை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் அம்மம்மா வீட்டில் செபம் சொல்லப் போவதாகச் சொல்லி அம்மம்மாவின் போனைப் பார்த்தாள், அம்மம்மாவும் சேர்ந்துதான் பார்த்தார். கணினியில் நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து, 15 வயதில் இறந்து, 2025 செப்டம்பரில் புனிதரான கார்லோ அக்குத்திஸைப் பற்றி மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து “அவரும் கம்ப்யூட்டரிலதானே இருந்தவர்” என்றாள். கேம் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் என்று அவர் தனக்குத்தானே அளவு வைத்தவராம் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் போனை விடப் பெரிய எதிரி ஞாயிறு டியூசன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்று ஞாயிறு காலை எட்டு மணிக்கு வகுப்பு வைக்கிறார்கள். போகாவிட்டால் பிள்ளை பின்தங்கும், போனால் பூசையும் இல்லை மறைக்கல்வியும் இல்லை. கேட்டால் “ஆண்டவர் கோபிக்க மாட்டார் அண்ணா, சோதனை முடியட்டும்” என்கிறார் வாத்தியார், அவரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான்! இந்தப் பிள்ளைகளைத்தான் பிறகு போன் கெடுத்துவிட்டது என்கிறோம். சரி, அதை விடுவோம்.

எங்கள் வீட்டில் கொஞ்சமாவது வேலை செய்தது ஒன்றே ஒன்று, மகளுக்குக் கோயிலில் ஒரு பொறுப்பு கிடைத்தது. போன நவம்பரில் ஒரு ஞாயிறு இரண்டாம் வாசகம் வாசிக்கச் சொன்னார்கள். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம். அந்தப் பெயர் அவள் வாயில் நுழையவே இல்லை, தெலசோனிக்கர், தெசனோலிக்கர் என்று என்னென்னவோ வந்தது. நான் சொல்லிக் கொடுக்கப் போனால் கோபம். கடைசியில் அந்தப் போனையே எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தன் குரலைப் பதிவு செய்வதும், கேட்பதும், அழிப்பதும், மறுபடி வாசிப்பதும், வெளியே மழை வேறு. பதினொரு தரம் வரை எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணவில்லை.

இது எல்லோருக்கும் சரிவரும் என்று நான் சொல்லவில்லை. கூச்சமான பிள்ளையை மேடையில் ஏற்றினால் கோயிலையே வெறுத்துவிடும், அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சனிக்கிழமை வாங்கு துடைக்கிற வேலை போதும். செபத்துக்கு இவள் இப்போதும் மூன்று தரம் கூப்பிட்டால்தான் வருகிறாள்.

ஞாயிறு நன்றாகத்தான் வாசித்தாள். அன்று மத்தியானம் சாப்பிட்டு முடிய, தம்பி தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனோடு சாய்ந்துவிட்டான். “வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது, பவுலே சொல்லியிருக்கிறார், எழும்பு” என்று கத்தினாள். அவன் எழும்பவில்லை, திரும்பி என்னைப் பார்த்தான். என் தட்டும் மேசையில்தான் கிடந்தது, என் கையிலும் போன். நான் எழும்பிப் போய் இரண்டு தட்டையும் கழுவினேன்.