காடும் குளமும்தானே எண்டு விட்டுடாதேங்கோ

கேள்வி: என்ர அக்கா கன வருசத்துக்குப் பிறகு கனடாவில இருந்து ஓகஸ்ட் லீவுக்கு குடும்பத்தோட வாறா. பிள்ளையள் மூண்டு பேர், ஆறு, ஒம்பது, பதின்மூண்டு வயசு. நுவரெலியா, மிரிஸ்ஸ, எல்ல எண்டு பெரிய பிளான் போடினம். அம்மாவுக்கு எழுபது தாண்டிட்டுது, முழங்கால் வருத்தம், அவ்வளவு தூரம் வானுக்குள்ள இருக்க ஏலாது. எங்கட பக்கமே நாலஞ்சு இடம் காட்டுவம் எண்டு சொன்னா அக்கா "அங்க என்னடி இருக்கு, காடும் குளமும்தானே" எண்டு சிரிக்கிறா. பிள்ளையளுக்கு அலுக்காம, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறமாதிரி வன்னியில ஏதாவது இருக்கோ?
— ஒரு வாசகி, மல்லாவி

பதில்: தங்கச்சி, அக்காவில கோவிக்காதேங்கோ, அவ இஞ்ச இருந்த காலத்தில குளத்துக்குப் போறது குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும்தானே, லீவுக்குப் போற இடமா ஒருத்தரும் நினைக்கேல்ல. ஆனா கனடாவில வளந்த ஆறு வயசுப் பிள்ளைக்கு ஒரு எருமைக் கூட்டம் தண்ணிக்குள்ள இறங்குறதை ரெண்டு மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிக்க ஏலும், அதை நான் எங்கட வீட்டுக்கு வந்த பிள்ளையளிலயே கண்டிருக்கிறன். ஒரு நாளைக்கு ஒரு இடம் மட்டும் போங்கோ, விடியவோ பின்னேரமோ போங்கோ, பத்து மணிக்கும் மூண்டு மணிக்கும் நடுவில மர நிழலிலயோ வீட்டிலயோ கிடவுங்கோ. ஓகஸ்ட் வெயிலும் கச்சான் காத்தும் (தென்மேற்கால அடிக்கிற காத்து) பழக்கமில்லாத பிள்ளையளை ஒரே நாளில படுக்க வைச்சிடும்.

முதல் நாள் தூரம் போகாதேங்கோ, உங்களுக்குப் பக்கத்திலயே வவுனிக்குளம் இருக்கு. எல்லாளன் காலத்தில கட்டின குளம் எண்டு சொல்லுறவை, பிறகு காடு மூடிக் கிடந்து 1950களில திருத்தி சனத்தைக் குடியேத்தினவை. பின்னேரம் நாலரைக்குப் பிறகு குளக்கட்டில போய் நில்லுங்கோ. ஓகஸ்டில தண்ணி வத்தி இருக்கும், அது குறையில்லை, தண்ணி வத்தினாத்தான் அலைகரைப் பக்கம் புல்லு முளைச்சு மாடும் எருமையும் இறங்கும், ஆழமில்லாத தண்ணியில மீன் ஒதுங்கும், அதைப் பிடிக்க கொக்கும் கூழைக்கடாவும் நாரையும் கூட்டமா வரும். பதின்மூண்டு வயசுக்காரர்தான் உங்களுக்குப் பிரச்சினையா இருப்பார், அவரிட்ட ஒரு வேலை குடுங்கோ. ஊரில ரெண்டு சைக்கிள் வாங்கி குளக்கட்டில ஓட விடுங்கோ, இல்லாட்டி எத்தினை வகைப் பறவை எண்டு படம் எடுத்து எழுதச் சொல்லுங்கோ. சும்மா "பார் வடிவா இருக்கு" எண்டு சொன்னா அந்த வயசுப் பிள்ளை பாக்காது.

இரணைமடுவுக்கு அதுக்குப் பிறகு போகலாம். 1902இல வேலை தொடங்கி கிட்டத்தட்ட இருவது வருசம் கட்டின குளம், வட மாகாணத்திலயே பெரிசு, கனகராயன் ஆத்தை மறிச்சுக் கட்டினது. குளத்தில மிஞ்சின தண்ணி வெளியேறுற வான் கதவுகளுக்குப் பக்கத்தில நிண்டு, மாரியில இதைத் திறந்தா தண்ணி எப்பிடி இரைஞ்சு சுண்டிக்குளம் களப்புக்கு ஓடும் எண்டு சொல்லுங்கோ. கீழ சிறுபோகம் விதைச்சிருந்தா இன்னும் விசேசம், ஓகஸ்டில வெட்டு நடக்கிற காலம், மெசின் வெட்டுறதையும் வைக்கோல் ஏத்துறதையும் பக்கத்தில நிண்டு பாக்கலாம். நாங்கள் தின்னுற சோறு எங்கயிருந்து வருது எண்டு அந்தப் பிள்ளையள் ஒருக்காவாவது கண்டுகொண்டு போகட்டும்.

குளிக்கிற கதைக்கு வாறன், அதைத்தான் அவை பிறகும் கேட்டுக்கொண்டு நிப்பினம். குளத்துக்குள்ள இறக்காதேங்கோ. வன்னிக் குளங்கள் கனக்கில முதலை இருக்கு, அதோட அடியில கிடங்கும் சேறும் தாமரைக் கொடியும், நீந்தத் தெரிஞ்ச பெடியளே போயிருக்குதுகள். நல்ல குளிப்பு வாய்க்காலிலதான். குளத்துத் தண்ணியைத் திறந்து விடுற துருசடியில இல்லை, அங்க தண்ணி இழுக்கும், இன்னும் கீழ வந்து ஊர்ச் சனம் குளிக்கிற படிக்கட்டடியில, இடுப்பளவு தண்ணியில, ஒரு பெரிய ஆள் தண்ணிக்குள்ளயே நிக்க வேணும். வெட்டுக் கிட்டினா தண்ணியை நிப்பாட்டிப் போடுவினம், அதால வெளிக்கிட முதல் அந்த ஊர் கமக்காரர் ஆரிட்டயாவது வாய்க்காலில தண்ணி வருதோ எண்டு கேளுங்கோ. மருத மரத்துக்குக் கீழ வாய்க்கால் ஓடுற இடமா பாத்தா அம்மாவும் கதிரையில இருந்து காலை தண்ணிக்குள்ள விட்டுக்கொண்டு இருக்கலாம். ஓம், ஒரு பிளாஸ்ரிக் கதிரை வானிலயே கிடக்கட்டும், முழங்கால் வருத்தக்காரருக்கு இஞ்ச எந்த இடத்திலயும் இருக்க ஒழுங்கான வாங்கு கிடையாது. ரொய்லட்டையும் முதலே யோசியுங்கோ, ரவுணில சாப்பிடுற இடத்தில போய்ட்டு வெளிக்கிடுறதுதான் நல்லது, காட்டு ரோட்டில பொம்பிளையள் படுற பாடு ஆம்பிளையளுக்கு ஞாபகம் வராது.

சாப்பாட்டுக்கு கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் அம்மாச்சி உணவகம் இருக்கு, பொம்பிளையள் கண்ணுக்கு முன்னால தோசை சுட்டு வடை பொரிச்சுத் தருவினம், குரக்கன் புட்டும் இருக்கும், விலையும் குறைவு, அந்தக் காசு அந்தக் குடும்பங்களுக்கே போகும். ஏ9 ரோட்டால போகேக்க முறிகண்டியில இறங்கி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சு, பக்கத்தில வறுத்த கச்சானை (நிலக்கடலை) சுடச்சுட வாங்கிக் குடுங்கோ. பாலைப்பழம் முடிஞ்சு போற நேரம், ஆனா ரோட்டோரம் எங்கயாவது கண்டா விடாதேங்கோ. பால் சொண்டில ஒட்டிப் பிடிக்கும், சின்னதுகள் முதல்ல முகம் சுளிச்சு பிறகு விடாதுகள். பழம் பிடுங்க எண்டு நீங்களா காட்டுக்குள்ள போக வேண்டாம், கரடிக்கும் அந்தப் பழம் எண்டா உயிர். பழத்துக்காக கொப்பை வெட்டி விழுத்துற ஆக்களிட்ட தயவுசெய்து வாங்காதேங்கோ, பாலை மரம் வளர எத்தினை தலைமுறை எடுக்கும் எண்டு நினைச்சாலே நெஞ்சு பதைக்கும்.

முல்லைத்தீவுக்கு ஒரு நாள் முழுசா வையுங்கோ. விடிய மூண்டரைக்கு எழும்ப வேணும் எண்டா புறுபுறுப்பினம்தான், ஆனா கடலுக்குள்ள இருந்து சூரியன் எழும்புறதையும் போட் கரைக்கு வந்து மீன் இறக்குறதையும் அந்த நேரத்தில போனாத்தான் காணலாம். கச்சான் அடிக்கிற காலத்தில கிழக்குக் கரைக் கடல் மற்ற நேரத்தைவிட அடங்கிக் கிடக்கும், எண்டாலும் எந்த இடத்தில கால் நனைக்கலாம் எண்டு அங்க நிக்கிற தொழிலாளியளிட்ட கேட்டுட்டு இறங்குங்கோ. வெயில் ஏற முதல் வற்றாப்பளைக்குப் போங்கோ, வைகாசிப் பொங்கலுக்கு கடல்தண்ணியில விளக்கெரிக்கிற கோயில் எண்டு அம்மாவே பிள்ளையளுக்குக் கதை சொல்லுவா, பொங்கல் நேரத்துச் சனம் இல்லாதபடியா ஆறுதலா கும்பிடலாம். பக்கத்திலயே நந்திக்கடல். திரும்பேக்க மாங்குளம் ரோட்டால வந்தா ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், அங்கயிருந்து முத்தையன்கட்டுக் குளம், களைப்பில்லாட்டி மட்டும்.

முள்ளிவாய்க்காலைப் பற்றி நீங்கள் கேக்கேல்ல, ஆனா முல்லைத்தீவுக்குப் போனா அந்தப் பதின்மூண்டு வயசுப் பிள்ளை கேக்கும், கனடாவில மே 18இல தாய் தகப்பனோட விளக்குக் கொளுத்தின பிள்ளையாத்தான் இருக்கும். கூட்டிக்கொண்டு போங்கோ. மற்ற இடங்களோட சேர்த்து ஓடி ஓடிப் பாக்கிற இடமா வைக்காதேங்கோ, படம் எடுக்க விடாதேங்கோ, என்ன நடந்தது எண்டு அக்காவும் நீங்களும் உங்களுக்குத் தெரிஞ்சதை உங்கட வாயால சொல்லுங்கோ, சின்ன ரெண்டையும் அம்மாவோட வேற இடத்தில விட்டுட்டுப் போறது நல்லது.

தூரப் பயணம் ஒண்டு வேணுமெண்டா மன்னார். வெள்ளாங்குளத்தால ஏறி ஏ32 ரோட்டைப் பிடிச்சா ஏ9 சுத்து மிச்சம். பிள்ளையளுக்கு அங்க முதல்ல பிடிக்கிறது ரோட்டில தன்ர பாட்டுக்குத் திரியிற கழுதையள்தான், அதுக்குப் பிறகு பள்ளிமுனைப் பெருக்க மரம் (பாவோபாப்). அதின்ர சுற்றளவு 19 மீற்றருக்கு மேல, மூண்டு பிள்ளையளும் நீங்களும் கை கோத்தாலும் பாதி வராது, அரேபிய வியாபாரியள் கொண்டுவந்து நட்டது எண்டு சொல்லுறவை. தலைமன்னார் இறங்குதுறையில நிண்டு, 1964 புயலுக்கு முன்னால இஞ்சயிருந்து கப்பல் ஏறி தனுஷ்கோடியில இறங்கி ரயிலில மெட்ராஸ் போன கதையைச் சொல்லுங்கோ, அம்மாவின்ர வயசுக்கு அவவுக்குத் தெரிஞ்ச ஆரோ போயிருப்பினம். அரிப்பில அல்லிராணிக் கோட்டை எண்டு ஒரு சிதைஞ்ச கட்டிடம், உண்மையில அது முதலாவது பிரிட்டிஷ் ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பாக்க கட்டின மாளிகை, கடல் கரையை அரிச்சு அரிச்சு எடுக்குது, இன்னும் எத்தினை வருசம் நிக்குமோ. ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன், பூநாரை பாக்கலாம் எண்டு பிள்ளையளுக்கு ஆசை காட்டாதேங்கோ, அதுகள் கார்த்திகைக்குப் பிறகுதான் வங்காலைக்கும் சுண்டிக்குளத்துக்கும் கூட்டமா வரும். ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா, அதுக்குப் போறதெண்டா நல்லாப் போங்கோ, இல்லாட்டி அந்தக் கிழமை மன்னார்ப் பக்கமே வேண்டாம், ரோட்டு நிறைய வாகனம்.

கௌதாரிமுனை மணல் மேடுகளும் வடிவான இடம்தான், பூநகரி தாண்டிப் போக வேணும். ஆனா நிழலே இல்லை, அம்மாவை விட்டுட்டு ஒரு பின்னேரம் மற்ற ஆக்கள் மட்டும் போங்கோ.

எங்க போனாலும் சனம் நடந்து பழகின தடத்தை விட்டு பத்தைக்குள்ள பிள்ளையளை ஓட விடக்கூடாது, மிதிவெடி எடுத்து முடியாத இடங்கள் இன்னும் இருக்கு, சிவப்பு மண்டையோட்டுப் பலகை எண்டா என்ன எண்டு முதல் நாளே அந்த மூண்டுக்கும் காட்டிச் சொல்லிக் குடுங்கோ. பொழுதுபட்டால் யானை ரோட்டுக்கு ஏறும், அதால ஆறரைக்கு முதல் பெரிய ரோட்டுக்கு வந்துடுங்கோ. கொண்டு போற பிளாஸ்ரிக் போத்தலையும் சாப்பாட்டுப் பையையும் திருப்பி வீட்டுக்கே கொண்டு வாங்கோ, குளக்கட்டில எறிஞ்சதை மாடு தின்னுறதை நான் காணாத நாளில்லை.

வானை இப்பவே பேசுங்கோ தங்கச்சி, ஓகஸ்டில வெளிநாட்டு ஆக்கள் எல்லாரும் ஒண்டா வந்து இறங்குவினம், நல்லூர்த் திருவிழாவும் சேரும், ஒரு வாகனமும் கிடையாது. உங்கட ஊர்ப் பெடியன் ஆராவது ஓடுற வானாப் பாருங்கோ, காட்டு ரோட்டும் யானை கடக்கிற இடமும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அக்கா நுவரெலியா கட்டாயம் எண்டு நிண்டா போகட்டும், ஆனா கடைசிக் கிழமைக்கு வைக்கச் சொல்லுங்கோ, முதல் கிழமையை நீங்கள் எடுங்கோ.