வலி போனதும் பூட்ஸ் மாட்டலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 19 வயது. செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டத்தில் தலையால் பந்தை முட்டி இறங்கும்போது வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. தைலம் போட்டு உருவினோம். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது, வலியும் இல்லை என்கிறான். அடுத்த ஞாயிறு மேட்ச். அனுப்பலாமா? போன வருஷமும் இதே கால்தான் பிசகியது.

பதில்: கடைசி வரியைப் படித்ததும் என் பதில் முடிவாகிவிட்டது. அடுத்த ஞாயிறு வேண்டாம்.

கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்குப் பெரிய காரணமே முன்பு பட்ட அடிதான். பாதம் உள்ளே மடங்கும்போது வெளிப்பக்க ஜவ்வு கிழிகிறது. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அந்த ஜவ்வில்தான் இருக்கின்றன. வீக்கம் இரண்டு மூன்று வாரத்தில் வடியும். ஜவ்வு வலுவாகச் சேர 6 முதல் 12 வாரம் பிடிக்கும். அந்த உணர்வோ, பயிற்சி கொடுக்காமல் முழுதாகத் திரும்பாது. செவன்ஸ் மைதானம் சிறியது. ஓடி நிற்பதும் சட்டென்று திரும்புவதும் ஓயாது. அறுப்பு முடிந்த வயலில் கட்டாந்தரையும் வெடிப்புமாக இருந்தால், உணர்வு மங்கிய கால் எங்கே போய் மாட்டும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். செருப்பில்லாமல் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளியும் அது முடிகிறது என்று ஸ்கேலால் அளந்து, இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூட்டு இன்னும் இறுகித்தான் இருக்கிறது. அடுத்து, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கட்டும். நல்ல காலில் 30 விநாடி நிற்பவன் அடிபட்ட காலில் பத்திலேயே கையை வீசித் தடுமாறினால் அதுதான் விடை. ஒற்றைக் கால் குதிப்பில் நல்ல கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது தாண்ட வேண்டும்.

இதற்கெல்லாம் மருந்து கிடையாது, பயிற்சிதான். தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கட்டும். படி விளிம்பில் குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். அது இலகுவான பிறகு நேர்க்கோட்டு ஓட்டம், பிறகு வளைந்து ஓடுவது, பிறகு பந்தோடு தனியாக, பிறகு அணியோடு முழுப் பயிற்சி. மேட்ச் அதற்கப்புறம்தான். எந்தப் படியிலாவது மறுநாள் காலையில் கால் வீங்கினால் ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும். மேட்சுக்குப் போகும்போது கணுக்கால் பிரேஸ் போடட்டும். ஒருமுறை பிசகிய காலுக்கு அது உண்மையிலேயே பாதுகாப்பு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது மட்டும் கூடவே கூடாது. நிறுத்தச் சொல்லும் வலியை அது மறைத்துவிடும்.

உருவுவது பற்றி உங்களிடம் கோபமில்லை. ஆனால் அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடலாம். அப்போது கட்டுப் போட்டு காலை உயர்த்தி வைப்பதே போதும்.

அவன் அணிக்கும் ஒன்று சொல்லுங்கள். ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற வார்ம்-அப் சுமார் 20 நிமிடம்தான், பந்தும் திடலும் இருந்தால் போதும். வாரம் இரண்டு முறையாவது செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு தடவை சுற்றி ஓடிவிட்டு ஆட இறங்கும் பழக்கத்தை விட இது எவ்வளவோ மேல்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் படி இறங்கும்போது கால் பிடிமானம் இல்லாமல் நழுவினால், தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எம்ஆர்ஐ தேவையா என்று அவர் சொல்வார்.