மண் பாதை வளைவில் சாய வேண்டியது யார்?

பத்து வருடமாக பைக் ஓட்டுகிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில்கூடத் தடுமாறியதில்லை. மண் பாதையில் வளைவு வந்தால் மட்டும் வண்டி நழுவுகிறதே, ஏன்?

கொல்லிமலையில் கைகொடுத்த பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது. தார்ச்சாலையில் உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்ப்போம். வண்டி கொஞ்சம் நிமிர்ந்தே போகும். மண்ணில் தலைகீழ். வண்டியை உள்ளே அமுக்கிவிட்டு, அதன் மேல் நீங்கள் நிமிர்ந்திருக்க வேண்டும்.

வேகமும் வளைவும் மாறாதவரை, ஆளும் வண்டியும் சேர்ந்து சாய வேண்டிய அளவும் மாறாது. நீங்கள் நிமிர்ந்தால் அந்தக் கணக்கை வண்டி கூடுதலாகச் சாய்ந்து தீர்க்கும். அப்போது பட்டன் டயரின் (மேடுமேடான ரப்பர் கட்டைகள் உள்ள மண் டயர்) ஓரக் கட்டைகள் மண்ணைக் கடிக்கும். டயர் சறுக்கினாலும் உங்கள் எடை அதற்கு மேலேயே இருப்பதால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். உள்ளே தொங்கிக்கொண்டிருந்தால், சறுக்கிய அடுத்த நொடி நீங்கள் தரையில்.

எடையை வெளிப்பக்க ஃபுட்பெக்கில், அதாவது கால் வைக்கும் கட்டையில், போடுங்கள். இடது வளைவென்றால் வலது கால். சீட்டின் வெளி விளிம்பில் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றினால் சரியாகச் செய்கிறீர்கள். முதல் நாள் கோமாளித்தனமாகத்தான் இருக்கும்.

மண் தடத்தில் பந்தயம் ஓட்டும் மோட்டோகிராஸ் வீரர்கள் வளைவில் காலை நீட்டுகிறார்களே, நானும் நீட்டலாமா?

அந்தக் கால் தரையில் ஊன்றுவதற்கல்ல. முன்சக்கரத்தை நோக்கி, முழங்காலை லேசாக மடக்கி, விரல்நுனியைத் தூக்கி நீட்டுவார்கள். எடை முன்னால் வரும். வண்டி சாயவும் இடம் கிடைக்கும். பக்கவாட்டில் தொங்கவிட்டால் கல்லில் மாட்டிப் பாதம் பின்னால் இழுபடும், முழங்கால் திருகிக்கொள்ளும். மோட்டோகிராஸ் பூட்ஸ் இல்லாமல் இதை முயலவே வேண்டாம். செருப்போடு மண்ணில் இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்கில் இமாச்சலத்தின் ஸ்பிதி போகிறேன். நின்று திருப்புவதா, உட்கார்ந்தா?

196 கிலோ வண்டி அது. சாயத் தொடங்கினால் ஒற்றைக் கால் தாங்காது. குன்சும் கணவாய்ப் பக்கத்துக் கல் பாதைகளில் நின்றே திருப்புங்கள், இரண்டு காலும் பெக்கில். வெளிப்பக்க பெக்கை மிதித்து, உள்பக்க ஹேண்டிலை லேசாகத் தள்ளி, இடுப்பை வெளியே நகர்த்துங்கள். முழங்கால் டேங்கை அணைத்திருக்கட்டும். கையில் தொங்கினால் ஒவ்வொரு கல்லும் ஹேண்டிலைத் திருப்பும். பின்னால் கட்டும் மூட்டையைக் குறையுங்கள், முன்சக்கரம் லேசாகிவிடும்.

முழங்கையைத் தூக்கு என்கிறார்கள். ஸ்டைலுக்கா?

இல்லை. வெளிப்பக்க முழங்கை உயர்ந்திருந்தால் தோள் முன்னால் வரும், வண்டியை அமுக்கக் கைக்கு வலு கிடைக்கும்.

வளைவின் நடுவில் முன்சக்கரம் வெளியே ஓடுகிறது. பிரேக் பிடிக்கலாமா?

முன்பிரேக்கை அங்கே இறுக்கினால் விழுவீர்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். பெரும்பாலும் நீங்கள் சீட்டில் பின்னால் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். டேங்கை ஒட்டி முன்னால் வாருங்கள், கண் வளைவின் முடிவில் இருக்கட்டும். த்ராட்டிலைச் சட்டென மூடாமல் சீராகப் பிடியுங்கள்.

மழைக்குப் பின் டிராக்டர் தடத்துக்குள் திரும்பும்போதும் இதே முறைதானா?

அங்கே மட்டும் விதிவிலக்கு. தடத்தின் சுவரே டயரைத் தாங்கும்; உடம்பும் வண்டியும் ஒரே கோட்டில் சாயட்டும். பார்வை முன்சக்கரத்தில் விழுந்தால் சக்கரம் சுவரில் ஏறும்.