மேய்க்காலை ஊராட்சி குத்தகைக்கு விடலாமா? கண்மாய் உள்வாயில் பட்டா கேட்க முடியுமா?

கேள்வி: மதுரை மாவட்டம் திருமங்கலம் வட்டத்தில் உள்ள கிராமம் எங்களுடையது. ஊருக்கு மேற்கே 11 ஏக்கர் மேய்க்காலும் அதை ஒட்டி ஒரு கண்மாயும் உள்ளன. ஏறத்தாழ 40 குடும்பங்கள் ஆடு மாடுகளை அங்குதான் மேய்க்கின்றன. 2024 டிசம்பரில், பதவிக்காலம் முடியவிருந்த நேரத்தில், மேய்க்காலில் 5 ஏக்கரைத் தனியார் நாற்றுப் பண்ணைக்குப் பத்து ஆண்டுக் குத்தகைக்கு விடுவதாக ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது. இன்னொரு பக்கம், கண்மாய் உள்வாயை, அதாவது நீர் தேங்கும் பகுதியை, இருபது ஆண்டுகளாக உழுதுவரும் மூன்று பேர், பி மெமோ (அரசு நில ஆக்கிரமிப்புக்கான தண்ட அறிவிப்பு) ரசீதுகளைக் காட்டிப் பட்டா கேட்கிறார்கள். மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் ஊராட்சியை நிர்வகிக்கும் தனி அலுவலரிடம் போனால் வட்டாட்சியரைப் பார்க்கச் சொல்கிறார். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஊராட்சியைக் கேட்கச் சொல்கிறார்கள். என்னுடைய ஆட்டுக் கொட்டகையும் மேய்க்கால் ஓரத்தில் மூன்று சென்ட் அளவுக்கு நிற்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நேராக உயர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: உங்களை இரண்டு அலுவலகங்களும் மாற்றி மாற்றி அனுப்புவதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. நீங்கள் ஒரே பிரச்சினையாகச் சொல்வது சட்டத்தின் கண்ணில் இரண்டு வெவ்வேறு நிலங்களைப் பற்றிய இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள். மேய்க்காலுக்குப் பொறுப்பு ஒருவர், கண்மாய்க்குப் பொறுப்பு வேறொருவர். இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்தாத பகுதியைக் காட்டி மனுவைத் திருப்பிவிடுவார்கள். எனவே முதல் வேலையாக மனுவை இரண்டாகப் பிரியுங்கள்.

மேய்க்காலில் தொடங்குகிறேன். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 134ஆம் பிரிவில், ரயத்துவாரிப் பகுதிகளில் (உழவர் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டும் முறை இருந்த பகுதிகளில்) உள்ள மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியிடம் அமைந்திருக்கும் என்று சொல்கிறது. இந்த வரியை மட்டும் படித்துவிட்டுத்தான் பல ஊராட்சித் தலைவர்கள் நிலம் தங்களுடையது என்று முடிவு செய்துகொள்கிறார்கள். ஆனால் அதே வாக்கியம், வகுக்கப்படும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு அந்தப் புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு என்று தொடர்கிறது. எந்தப் பக்கம் எப்போது மேய்ப்பது, எங்கே மரம் நடுவது, வண்டிப்பாதை எது என்பவற்றையெல்லாம் ஊராட்சி முடிவு செய்யலாம். மரம் நடும் அதிகாரம் அந்தப் பிரிவிலேயே தனியாகத் தரப்பட்டிருக்கிறது. நட்ட புளிய மரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விட்டு ஊராட்சி நிதியில் சேர்ப்பதும் ஊர்களில் வழக்கமாக நடப்பதுதான். மகசூலை ஏலம் விடுவதும் மண்ணையே வேலி போட்டு ஒருவரிடம் பத்து ஆண்டுகளுக்கு ஒப்படைப்பதும் ஒன்றல்ல. மேய்க்கால் என்று வகைப்படுத்திய நிலத்தில் ஆடு நுழைய முடியாதபடி செய்வதை, பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதாக எந்த நீதிமன்றத்திலும் வாதிட்டு வெல்வது கடினம் என்பது என் கருத்து.

அந்த நிலத்தை வேறு வேலைக்குக் கொண்டுபோக வழியே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மாவட்ட ஆட்சியர், ஊராட்சியைக் கலந்துகொண்டு, ஒரு புறம்போக்கை 134ஆம் பிரிவின் வரம்பிலிருந்து அறிவிக்கை மூலம் விலக்கலாம். வகைப்பாட்டை மாற்றுவது வருவாய்த் துறையின் வேலை. எனவே உங்கள் வழக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மிக எளிது: அந்த 5 ஏக்கருக்கு ஆட்சியரின் ஆணை உண்டா, இருந்தால் அதன் எண்ணும் நாளும் என்ன, மேய்ச்சலுக்கு மாற்று நிலம் காட்டப்பட்டதா? ஆணை இல்லை என்றால் தீர்மானம் வெறும் தாள்தான். அத்தகைய தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்குச் சட்டத்தின் 202ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 2025 ஜனவரி 5ஆம் தேதியுடன் உங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. மன்றம் கலைந்ததால் தீர்மானம் தானாகக் காலாவதி ஆகிவிடாது. தனி அலுவலர் அதை நிறைவேற்ற முடியும். ஆகவே இதில் தாமதம் கூடாது.

இவ்வளவும் நிலம் உண்மையிலேயே மேய்க்காலாகப் பதிவாகியிருந்தால்தான் பொருந்தும். ஊர் முழுக்க மேய்க்கால் என்று அழைப்பது சாட்சியம் ஆகாது. கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதே அடிப்படை. அங்கே தீர்வை ஏற்பட்ட தரிசு (நிலவரி நிர்ணயித்தும் யாருக்கும் தராத அரசு நிலம்) என்று இருந்தால் கதை மாறிவிடும். அது 134ஆம் பிரிவின் பட்டியலில் வராது. அரசு அதைத் தனியாருக்கு ஒப்படைக்கவும் முடியும். 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், அதாவது யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் மறுபதிவின்போது, பல புல எண்களின் வகைப்பாட்டில் பிழைகள் நுழைந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்குக்காக ‘அ’ பதிவேட்டைப் பார்த்தபோது, மேய்க்கால் என்ற சொல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தரிசு என்று எழுதியிருந்தது. யார் எழுதியது, எந்த ஆணையின்படி எழுதியது என்பதற்கு ஒரு எண்ணும் இல்லை, சுருக்கொப்பம்கூட இல்லை. எதிர்த்தரப்பு தமக்கு ஆதாரமாகக் கொண்டுவந்த அந்தப் பக்கமே கடைசியில் எங்களுக்கு உதவியது, ஏனெனில் திருத்தத்துக்கு ஆணையைக் காட்டுங்கள் என்று கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. எனவே இன்றைய பதிவேட்டின் நகலோடு நின்றுவிடாமல், யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும், புல வரைபடத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை, நடக்கும் நாளில் கிராமக் கணக்குகள் எல்லாம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். கணக்கும் அதிகாரியும் ஒரே இடத்தில் இருக்கும் அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில், தீர்மானத்தின் நகல், அந்தக் கூட்டத்தின் அஜெண்டா, ஆட்சியரின் அனுமதி, குத்தகை உடன்படிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “அனுமதி ஏதும் பெறப்படவில்லை” என்று ஒரு வரி எழுத்தில் வந்துவிட்டால், உங்கள் மேய்க்கால் வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

கிராம சபையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் நிறைய உண்டு. கிராம சபை எதிர்த்தால் அரசு நிலத்தைத் தொடவே முடியாது என்று 134ஆம் பிரிவு சொல்லவில்லை. அது கலந்துகொள்ளச் சொல்வது ஊராட்சியைத்தான். ஆனாலும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஏதாவது ஒன்றில், மேய்க்காலை நம்பியிருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் கால்நடைகளின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டுக் கிராம சபையில் தீர்மானம் பதிவாகிவிட்டால், பிறகு ஆட்சியரோ நீதிமன்றமோ அந்த நிலம் பயன்பாட்டில் இல்லாத வெற்று நிலம் என்ற வாதத்தை எளிதில் ஏற்க முடியாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்தை வாங்கிவிட்டு மேலே வேறு எதையாவது எழுதிக்கொள்ளும் பழக்கம் எல்லா ஊரிலும் இல்லை, ஆனால் சில ஊர்களில் இருக்கிறது.

இனி கண்மாய். இங்கே ஊராட்சி உரிமை பேசவே முடியாது. கண்மாய் 134ஆம் பிரிவின் பட்டியலில் இல்லை. ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் பராமரிப்பு ஊராட்சி ஒன்றியத்துடையது. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையுடையது. நீர்வளத் துறையின் கண்மாயாக இருந்தால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி அந்தத் துறை அலுவலரே அளந்து அறிவிப்பு தர வேண்டும். ஒன்றியத்தின் கண்மாய் என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் அறிவிப்பும் 6ஆம் பிரிவில் வெளியேற்ற ஆணையும் வருவாய்த் துறையிடமிருந்து வர வேண்டும். உங்கள் கண்மாய் எந்த வகை என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டாலே தெரிந்துவிடும்.

அந்த மூவரும் காட்டும் பி மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் அதைப் பட்டாவுக்கு முந்தைய படி என்று நம்பி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை விரித்துப் படித்தால், பெயரும் பரப்பும் பயிரும் ஆக்கிரமிப்பின் விவரங்களாகவே எழுதப்பட்டிருப்பது தெரியும். அவர் கட்டிய தொகை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கான தீர்வையும் தண்டமும். அதற்கு ரசீது தந்ததால் அரசு அவரை நில உரிமையாளராக ஒப்புக்கொண்டதாகாது. இருபது ஆண்டு அனுபோகம் என்ற வாதமும் நிற்காது: அரசுக்கு எதிரான எதிரிடை அனுபோகத்துக்கு (பிறர் நிலத்தை நெடுங்காலம் வைத்திருந்து உரிமை கோருவதற்கு) காலவரம்புச் சட்டம் 30 ஆண்டு கேட்கிறது. தவிர, பொது நீர்நிலை என்று வந்துவிட்டால் நீண்ட கால ஆக்கிரமிப்பைக் காட்டி வரன்முறை கேட்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஊர்க்குளத்தை நிரப்பி வீடு கட்டியவர்களை வெளியேற்றச் சொன்னதோடு, கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பெருஞ்செலவில் கட்டிடம் கட்டியிருப்பதும், அரசியல் தொடர்பும், நீண்ட கால அனுபோகமும் காரணமாகக் காட்டப்படக் கூடாது என்றது. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு முறைப்படி குத்தகை அளித்திருந்த இடங்களையும், பள்ளி, மருந்தகம் போன்றவை ஏற்கெனவே நிற்கும் இடங்களையும் விதிவிலக்காகக் கருதலாம் என்றும் சொன்னது. உங்கள் ஊரின் மூவருக்கும் அப்படி எந்தக் குத்தகையும் இல்லை என்பதால் அந்த வாசலும் அவர்களுக்கு மூடியே இருக்கிறது. ஆனாலும் அவர்களுக்கு வேறு நிலம் இல்லை என்றால், வேறிடத்தில் ஒப்படைப்பு கேட்டு மனுக் கொடுக்க நீங்களே உதவுங்கள். பொழைப்பு போகிறது என்று நினைப்பவர் கடைசி வரை வழக்காடுவார்.

நேராக உயர் நீதிமன்றம் போகலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. மதுரைக் கிளையில் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் மனுப் போட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதிகாரியிடம் எழுத்தில் கேட்காமல் போனால், முதலில் அங்கே கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆக்கிரமிப்புப் புகார்களை விசாரிப்பதற்கென்றே 2014 டிசம்பர் 4ஆம் தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை எண் 540 இருக்கிறது. நீதிமன்றமும் பெரும்பாலும் அந்த வழியையே காட்டுகிறது. ஆகவே கண்மாய் மனுவை அந்த அரசாணையைக் குறிப்பிட்டு வட்டாட்சியருக்கும், மேய்க்கால் மனுவை 202ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கும், சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தாலும் மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் வராதீர்கள். நியாயமான அவகாசம் கொடுத்த பிறகும் அசைவில்லை என்றால், அந்த ரசீதுகளோடு உயர் நீதிமன்றம் போகலாம். இடையில் நாற்றுப் பண்ணைக்காரர் வேலிக்கல் நடத் தொடங்கிவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். புகைப்படத்தோடு உடனே போகலாம். உரிமையியல் நீதிமன்றத்தை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு, ஊர் சார்பில் வழக்காட அனுமதி என்று நுழையும்போதே காலம் போய்விடும்.

மேய்க்காலில் பழைய மரங்களும் கண்மாய்க்கு வரும் பறவைகளும் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது பராமரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்த நிலம் பற்றிய குறிப்பு ஏறட்டும். உங்கள் மாவட்டத்திலேயே மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர், 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேர்கூட இல்லாத ஒரு கோயில் காடும் அந்தத் தகுதியைப் பெற்றது. உங்கள் 11 ஏக்கருக்கு அது கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டுக் குறிப்பு வழக்கில் பயன்படும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் ஆட்டுக் கொட்டகை பற்றி நேர்மையாக எழுதியதற்கு நன்றி. எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வீசப்போவது அதைத்தான். மேய்க்காலில் ஆடு மேய்ப்பது ஊர் உரிமை, நிரந்தரக் கொட்டகை போடுவது ஆக்கிரமிப்பு. மூன்று சென்டுக்கும் ஐந்து ஏக்கருக்கும் சட்டம் ஒன்றே. மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கப்போகிறது என்றால், அதற்கு முந்தைய வாரமே கொட்டகையைப் பிரித்துச் சொந்தப் பட்டா நிலத்துக்கு மாற்றுங்கள். பிரித்த இடத்தைக் கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, காலியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த தாளையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.