காய்ச்சல் நல்லது என்கிறார்களே, குறைக்காமல் விடலாமா?

உங்களுக்கும் யாரோ "பனடோல் (பரசிட்டமோல்) குடுக்காதேங்கோ, காய்ச்சல் கிருமியை எரிச்சுப்போடும்" என்று சொல்லியிருப்பார்கள். எங்களுக்குச் சொன்னவர் கனடாவில் இருக்கும் சித்தப்பா.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. காய்ச்சல் சூட்டில் வெண்குருதிக் கலங்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேறித் தொற்றுள்ள இடத்துக்கு விரைவாகப் போய்ச் சேரும். 1975இல் பாலைவனப் பல்லிகளுக்குப் பற்றீரியா ஏற்றிப் பார்த்தார்கள். சூடான இடத்தில் விட்டவைதான் கூடுதலாகப் பிழைத்தன.

ஆனால் எங்கள் அப்பாவுக்கு வந்தது நியூமோனியா, நுரையீரல் தொற்று. வாட்டில் அம்மா தேர்மோமீற்றரைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தா. போனில் சித்தப்பா சொல்வதற்கெல்லாம் "ஓம் தம்பி, ஓம் தம்பி". நேர்ஸ் மிஸ் வந்தா, தேர்மோமீற்றர் பக்கம் திரும்பவே இல்லை. கைக்கடிகாரத்தை உயர்த்திப் பிடித்தபடி ஒரு முழு நிமிடம் அப்பாவின் நெஞ்சையே பார்த்தா. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குக் கீழே உள்ள குழி உள்ளே போய் வந்தது. உடனே டொக்டரைக் கூப்பிட்டா.

    

நுரையீரல் விசயத்தில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் எலிகளில் செய்த ஆய்வு முக்கியம். க்ளெப்சியெல்லா என்ற நியூமோனியா பற்றீரியா தொற்றிய எலிகளைக் காய்ச்சல் சூட்டில் வைத்தபோது கிருமி குறைந்தது, ஆனால் சாவு கூடியது. தேரன்று ஒழுங்கைக்குள் சனம் புகுந்தால் வேலி சரியாதா, அப்படித்தான். நியூத்திரோபில்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் அளவுக்கு மீறி நுரையீரலுக்குள் குவிந்து, கிருமிக்கென்று கக்கும் நச்சுப் பொருட்களால் மெல்லிய காற்றுப் பைச் சுவரையும் புண்ணாக்கும். பிறகு நீர் கசிந்து பைகளை நிரப்பும். ஒட்சிசன் மிக அதிகமாகக் கொடுத்த எலிகளிலும் சூடு சேதத்தைக் கூட்டியது. இதை வாசித்துவிட்டு ஆஸ்பத்திரியில் ஒருவரும் ஒட்சிசன் மாஸ்க்கைக் கழற்றாதேங்கோ!

எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: நியாயமான கேள்விதான். 2015இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், தொற்றும் காய்ச்சலும் இருந்த ஏறத்தாழ 700 பேரிடம் பரசிட்டமோலைச் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையில், உயிரோடு அந்தப் பிரிவுக்கு வெளியே இருந்த நாட்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆகவே பனடோல் உயிர் காக்கும் மருந்தும் இல்லை, கிருமிக்குத் துணை போகும் துரோகியும் இல்லை. உடம்பு நோவுக்கு அளவோடு கொடுக்கலாம். பார்க்க வேண்டியது மூச்சை.

இன்னொன்று, மாரி காலத்தில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் மறக்க முடியாது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து; அஸ்பிரின், புரூபன் (ஐபுபுரூபன்) கிட்டவும் போகக் கூடாது. நான் டொக்டர் இல்லை. ஆளை முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கோ, வந்து என்னோடு ஆறுதலாகச் சண்டை பிடிக்கலாம்.